கெஞ்சிக் கேட்ட காணி

என் அத்தான் செல்வரட்ணம் பிறந்தது 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம். வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுப்போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் போன செய்தி நாடு முழுவதற்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் என் அத்தானுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. அவருக்கு இப்போது எழுபத்தேழு வயது.

கொக்குவிலில் போய்ச் செல்வரட்ணம் வீடு எது என்று கேட்டால் சனம் யோசிக்கும். 'பெட்டிசம்' செல்வரட்ணம் என்றால் சின்னப்பிள்ளையும் கைகாட்டும். பெட்டிசம் என்பது அரசாங்கத்துக்கு எழுதும் விண்ணப்பம். எங்கள் ஊரில் அது இரண்டு வகைப்படும். அடுத்த வீட்டுக்காரனைப் பிடிக்காவிட்டால் பெயர் போடாமல் எழுதுவது ஒரு வகை. அதில் நாங்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட்டுக் காலில் விழுந்து எழுதுவது மற்றது. அத்தான் இரண்டாவது வகையில் மன்னர். பெயர் போடாத பெட்டிசத்தை அவர் தொடமாட்டார். அது கௌரவமான மனிதர் செய்யும் வேலை இல்லையாம்.

அவர் எழுதுவதைப் பார்க்கவேண்டும். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருப்பார். நீளத்தாளில் இடப்பக்கம் மூன்று விரல் இடம் விடுவார். கார்பன் வைத்து மூன்று பிரதி. முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'ஐ மோஸ்ற் ஹம்பிளி பெக்'. மிகமிகத் தாழ்மையாகக் கெஞ்சுகிறேன் என்று அர்த்தம். என்னத்துக்குக் கெஞ்சுகிறார் என்பது மூன்றாவது பந்தியில்தான் வரும். அதற்கு முன்னால் இரண்டு பந்தி, கடிதத்தைப் பெறுகிறவரின் பெருந்தன்மை, விசாலமான இதயம், நீதி தவறாத குணம். பெறுகிறவர் அந்தப் பதவிக்கு நேற்றுத்தான் வந்திருப்பார். கடைசி வரியில், இந்தக் கருணைக்காக மனுதாரர் கடமைப்பட்டவராய் என்றென்றும் பிரார்த்திப்பார் என்று முடியும். எழுதிய பெட்டிசங்களின்படி அத்தான் உண்மையாகவே பிரார்த்திக்கத் தொடங்கினால் அவருக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது.

ஒருவரிடமும் காசு வாங்கமாட்டார். அதையும் சொல்லவேண்டும். ஒரு விதவைக்கு ஆறு வருடம் இழுபட்ட ஓய்வூதியத்தை எழுதி எழுதியே வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு ஊர் அவரிடம் வந்துகொண்டே இருந்தது. மற்றபடி அவருடைய வெற்றிகள் வேறு மாதிரி. கொக்குவில் புகையிரதக் கடவைக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று ஒரு தரம் நான்கு பக்கத்தில் எழுதினார். இரண்டு வருடம் கழித்து, 'தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். தண்ணீர் இப்போதும் தேங்குகிறது. அத்தான் வேட்டியை முழங்காலுக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளால் நடந்து போவார். விசயம் மேலிடத்துக்குத் தெரியும் என்று கூட வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போவார்.

இது அவராகக் கண்டுபிடித்த வித்தை அல்ல. தகப்பன் வழியில் வந்தது. தகப்பனுக்கு எப்படி வந்தது என்று சொல்வதானால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதைச் சொல்லாவிட்டால் சாப்பாடு செமிக்காது.

1840இல் வெள்ளைக்காரன் இலங்கையில் ஒரு சட்டம் கொண்டுவந்தான். ஆளில்லாமல், பயிரில்லாமல் கிடக்கும் நிலமெல்லாம் முடிக்குரிய நிலம். இல்லை என்கிறவன் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, காட்டவேண்டும். பரம்பரையாகக் காட்டில் மாடு மேய்த்தவனிடம் உறுதி எங்கே இருக்கும்? மலைநாட்டுக் காடுகள் இப்படித்தான் லண்டனில் இருந்த முடியின் கீழ்ப் போயின. எடுத்த காட்டைத் துரைமார் வாங்கிக் கோப்பி போட்டார்கள். கோப்பி நோய் வந்து செத்த பிறகு தேயிலை போட்டார்கள். மண் வெட்டத் தமிழ்நாட்டில் பஞ்சத்தில் கிடந்த சனத்தைக் கப்பலில் ஏற்றி, மன்னாரில் இறக்கி, காட்டுவழியால் நடத்திக் கொண்டுபோனார்கள். வழியில் செத்தவர்களுக்குப் பேரேடு தேவைப்படவில்லை. உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தேவைப்பட்டது. அதை எழுத, ஆங்கிலம் தெரிந்த, துரைக்கு முன்னால் கதிரையில் இருக்கத் துணியாத ஆட்கள் வேண்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்து மிசன் பள்ளிக்கூடங்கள் அந்தச் சாமானை நல்ல தரத்தில் உற்பத்தி செய்துகொண்டிருந்தன. இங்கே மிஞ்சியதை மலாயாவுக்கும் அனுப்பினார்கள்.

அத்தானின் தகப்பன் கனகசபை அப்படிப் போனவர். ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். மகன் பிறந்த அதே 1948இல், புதிதாகச் சுதந்திரம் பெற்ற அரசாங்கம் தன் முதல் வேலைகளில் ஒன்றாகத் தோட்டத்துச் சனத்தின் குடியுரிமையைப் பறித்தது. நூறு வருடமாக அந்த மலையைத் தேயிலையாக்கியவர்கள் ஒரே சட்டத்தில் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அவர்கள் கிளாக்கர் ஐயாவிடம் வந்து பெட்டிசம் எழுதித் தரச் சொன்னார்கள். கனகசபை எழுதினார், வருடக்கணக்காக எழுதினார். நீங்கள் வெட்டிய மலையில் நீங்கள் இருப்பதற்கு மிகமிகத் தாழ்மையாகக் கெஞ்சுகிறீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினார். அந்தத் தோட்டத்தில் மிகச்சிலருக்குத்தான் கிடைத்தது. ஆனால், கனகசபையின் ஆங்கிலம் திறம் என்று துரை அவருடைய முதுகில் தட்டினாராம். அத்தான் இந்தக் கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். சனத்துக்கு என்ன நடந்தது என்று ஒரு சொல் அதில் வராது. துரை தட்டியது மட்டும் தவறாமல் வரும்.

அப்படிப்பட்ட தகப்பனின் மகன் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருடம் மேலதிகாரிமார் சொல்லச் சொல்ல எழுதி, ஓய்வுபெற்றார். அந்த உத்தியோகத்தைப் பார்த்துத்தான் 1975இல் என் அக்கா ஞானாம்பிகையை அவருக்குக் கட்டிக் கொடுத்தோம். கீரிமலையில் கடற்கரைப் பக்கம் எட்டுப் பரப்புக் காணி, சிவப்புச் சீமெந்துத் தரை போட்ட வீடு, கிணறு, எல்லாம் அக்காவின் பெயரில் சீதன உறுதி எழுதப்பட்டது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்தார். அக்கா கணக்கு ரீச்சர். தன் வீட்டில், தன் கிணற்றில், தன் சொற்படி பதினைந்து வருடம் வாழ்ந்தாள்.

1990 ஆனியில் பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து செல் வந்து விழுந்து வெடிக்கத் தொடங்க, வலிகாமம் வடக்குச் சனம் முழுவதும் உடுத்த உடையோடு வெளிக்கிட்டது. அக்கா உறுதியை மட்டும் மார்புக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். போவதற்கு ஓரிடம்தான் இருந்தது, கொக்குவிலில் அத்தான் பிறந்த வீடு. அது அத்தானின் தங்கை தவமணிக்குச் சீதனமாகப் போயிருந்தது. பின்பக்கத்தில் இரண்டு அறை கிடைத்தது. தவமணி கெட்டவள் இல்லை. ஆனால் வீடு அவளுடையது, அதை அவள் மறந்ததும் இல்லை. தண்ணீர் மோட்டர் போடுவதென்றால் அக்கா முன்பக்கம் போய், "மோட்டர் போடட்டே மச்சாள்?" என்று கேட்கவேண்டும். விருந்தாளி வந்தால் கேட்கவேண்டும். முருங்கைக்காய் ஒன்று பறிக்கக் கேட்கவேண்டும். இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவள், முப்பத்தைந்து வருடம் கேட்டாள். கீரிமலைக் காணி இராணுவ முகாமுக்குள் இருந்தது.

அத்தான் சும்மா இருக்கவில்லை. பெட்டிசம் எழுதினார். அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு, அமைச்சர்களுக்கு, தளபதிகளுக்கு, மாறி மாறி வந்த சனாதிபதிகளுக்கு. லண்டன் அரண்மனைக்கும் ஒன்று போனது. அதைத் தவிர்த்து, இங்கே போனவை மொத்தம் அறுபத்தொன்று. எல்லாவற்றின் பிரதியும் ஒரு தகரப்பெட்டிக்குள் திகதி வாரியாக இருந்தது. மகாராணி காலமான அன்று அத்தான் ஒரு நேரம் சாப்பிடவில்லை. அரண்மனைக்குப் போன கடிதத்துக்குப் பதில் வராததற்குக் காரணம் அந்த அம்மாவின் உடல்நலக் குறைவுதான் என்று முடிவுகட்டினார்.

இந்த வருடம் வைகாசியில், அக்காவின் வளவு இருக்கும் துண்டை இராணுவம் விடப்போகிறது என்று அறிவித்தல் வந்தது. உரிமையாளர்கள் உறுதியோடு வந்து பதியவேண்டும். நான் சண்டிலிப்பாயில் கத்தரியும் புகையிலையும் செய்கிறவன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை விட்டுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டோ பிடித்து இருவரையும் கூட்டிக்கொண்டு காணிக் கந்தோருக்குப் போனேன். அக்கா அன்றைக்குக் கட்டியிருந்தது கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலை.

அங்கே இருந்த உத்தியோகத்தர் பிரியந்தினி என்ற பிள்ளை. முப்பது வயது இருக்கும், மரியாதையாகக் கதைத்தாள். உறுதியைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய், இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு பைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதைக் கண்டதும் அத்தானின் முகம் மலர்ந்தது. எங்கெங்கோ போன அறுபத்தொன்றும் கைமாறிக் கைமாறி அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. ஒன்றையும் எறியாமல் வைத்திருக்கிறார்கள் பார்த்தாயா என்று என் முழங்கையை இடித்தார்.

பிரியந்தினி ஒரு தாளை எடுத்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துத் தமிழில் சொன்னாள். 1994இல் அத்தான் எழுதியது. 'தங்கள் அரசாங்கத்தின் பெருங்கருணையினால் நாங்கள் அனுபவிக்க அனுமதிக்கப்பட்டிருந்த காணி' என்று இரண்டாவது பந்தியில் இருந்தது. அடுத்ததில், 'தங்களுக்குரிய அந்த நிலத்தில் ஒரு சிறு துண்டையேனும் ஏழைகளாகிய எமக்குத் தந்தருளும்படி' என்று இருந்தது. இப்படி அறுபத்தொரு இடத்தில் அத்தான் தன் கையாலேயே, மூன்று பிரதியில், அக்காவின் சீதனத்தை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்த யாரோ ஒரு கடமையுணர்வுள்ள கிளாக்கர், 'அரச காணி. காணியில்லாதவர் விண்ணப்பம்' என்று எப்போதோ பதிந்துவிட்டார். பதிவுக்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது: நீண்டகாலமாக ஆளில்லாமல், பயிரில்லாமல் கிடக்கும் நிலம். முள்ளுக்கம்பி போட்டுத் துவக்கோடு ஆமி நிற்கிற இடத்தில் ஆர் போய்க் கத்தரி நடுவது? 1840இல் லண்டன்காரன் எழுதின சொல்லை அப்படியே வைத்திருக்கிறார்கள். கொடியையும் பெயரையும் மாற்ற நேரம் கிடைத்தது, இதை மாற்ற மட்டும் கிடைக்கவில்லை.

அக்கா உறுதியைக் காட்டி, இது போதாதா பிள்ளை என்று கேட்டாள்.

"உறுதி சரியாத்தான் இருக்கம்மா. ஆனால் உறுதி ஒண்டு சொல்லுது, ஐயாவின்ரை கடிதம் வேறை சொல்லுது. கடிதமும் ஒண்டில்லை, அறுபத்தொண்டு," என்றாள் பிரியந்தினி.

திருத்த வழி இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பட்டியல் மேலிடம் போகும். உறுதிக்காரர் பட்டியலில் பெயர் வந்தால் காணி கையில் வரும். வராவிட்டால் அரச காணிப் பட்டியலோடு போகும். பிறகு அது முகாமோடு நிற்குமோ, வேறு ஆருக்கும் பகிர்ந்து கொடுபடுமோ, அந்தப் பிள்ளையால் சொல்ல முடியாது. கடிதங்களை எழுதியவரே, நான் எழுதியது தவறு, இது என் மனைவியின் காணி, அரசாங்கத்தின் காணி அல்ல என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும். மூன்று வரி போதும், தமிழிலேயே எழுதலாம் என்றாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும் வேலை. நான் ஓட்டோவில் வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

புதன்கிழமை கத்தரிக்காய் கொண்டுபோனபோது முதல் கடிதம் தயாராக இருந்தது. இரண்டு பக்கம். அந்தக் காணி அரசாங்கத்தினுடையது அல்ல என்பதைத் தெரிவிப்பதற்கு மிகமிகத் தாழ்மையாக அனுமதி கோருகிறேன் என்று தொடங்கியிருந்தது. அனுமதி கிடைத்தால் அடுத்த கடிதத்தில் தெரிவிப்பாராம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் கொப்பி திருத்துவதுபோல் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பின்னேரம் இரண்டாவது வந்தது. ஒரு பக்கம். 'அரசாங்கச் சட்டத்தின் விசாலமான பெருந்தன்மையினால் என் மனைவிக்கு உரித்தாகிய காணி' என்று இருந்தது. அதற்கும் வட்டம். வியாழக்கிழமை காலையில் தமிழில் முயன்றார். 'அடியேன் அறியாமையால் இழைத்த குற்றத்தைத் தாங்கள் மன்னித்தருளினால், காணி எம்முடையதாகவும் கருதப்படலாம்' என்று அந்தத் தமிழ் போனது. அக்கா வட்டம் போடவில்லை. பேனையை மூடி வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தானிடமிருந்து தாளை வாங்கி நானே மூன்று வரியை எழுதி, இதில் கையெழுத்தை வையுங்கோ என்று கொடுத்தேன். வாசித்துவிட்டு, நெருப்பைத் தொட்டவர்போலக் கீழே வைத்தார். இப்படி ஓர் அரசாங்கத்துக்கு எழுதினால் வழக்குப் போடுவார்கள், எந்த ஆளின் கடிதம் இது, கள்ளுக்கொட்டிலில் எழுதினதோ என்று கேட்பார்கள் என்றார். தன் கையெழுத்து அப்படிப்பட்ட தாளில் போகாது என்றார்.

அக்கா குசினி வாசலில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, காணி என்ரை மனிசியின்ரை எண்டு எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"அப்பிடி முகத்திலை அடிச்சமாதிரிச் சொல்லலாமே ஞானம்? மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே. கோவிச்சால் உள்ளதும் போயிடும்."

"என்னட்டை என்ன உள்ளது?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "முப்பத்தைஞ்சு வரியமா உங்கடை தங்கச்சியிட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் தண்ணி இறைக்கிறன். ஒருநாளும் உங்களிட்டைச் சொல்லேல்லை. இனி என்னாலை ஒருத்தரிட்டையும் கேக்கேலாது. சாகிறதெண்டாலும் என்ரை வீட்டிலை, ஒருத்தரிட்டையும் கேளாமல் சாகவேணும்."

எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிலும் கோபம் வந்தது. வாரத்துக்கு ஒரு தரம் கத்தரிக்காயோடு வந்து, தேத்தண்ணி குடித்து, அக்கா சுகமாக இருக்கிறாள் என்று திரும்பிப் போனவன் நான். மோட்டருக்குக் கேட்பதை எத்தனையோ தரம் என் காதால் கேட்டும் இருக்கிறேன். அது ஒரு பேச்சு வழக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தானை மட்டும் குறைசொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை.

அக்கா உள்ளே போன பிறகு அத்தான் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் வெகுநேரம் இருந்தார். புதுத்தாள் போட்டார். விரல்கள் இரண்டு தரம் எழுந்து இரண்டு தரம் இறங்கின. பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்துத்தான் நான் கிட்டப் போனேன். முகம் முழுக்க வியர்த்திருந்தது.

"கெஞ்சாமல் எப்பிடித் தொடங்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை தம்பி," என்றார்.

அந்த மனிதருக்கு ஆங்கிலத்தில் இருநூறு வகையான வணக்கம் தெரியும். எங்கே முற்றுப்புள்ளி, எங்கே அரைப்புள்ளி என்று மேலதிகாரிமார் அவரிடம் கேட்டுத்தான் போடுவார்களாம். 'இது எங்களுடையது' என்ற இரண்டு சொல் அவரிடம் இருக்கவில்லை. ஒருவரும் அவருக்கு அதைப் படிப்பிக்கவில்லை. அவருடைய தகப்பனுக்கும் படிப்பிக்கவில்லை. படித்த குடும்பம் என்று எங்கள் வீட்டில் அவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதுண்டு.

வெள்ளிக்கிழமை கந்தோருக்குப் போகும்போது கையில் கடிதம் இல்லை. எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. பிரியந்தினியின் மேசைக்கு வந்தபோது மணி இரண்டே கால். அத்தானின் கடிதம்தான் வேண்டும், வேறொருவர் எழுதினால் செல்லாது என்று அவள் மறுபடியும் சொன்னாள். அவள் முகத்திலும் கவலை இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பிரியந்தினியிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி அத்தானுக்கு முன்னால் வைத்தாள். பேனையை எடுத்து அவருடைய கையில் வைத்தாள்.

"நான் சொல்லுறன். நீங்கள் எழுதுங்கோ."

அதைக் கேட்டதும் அத்தானின் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒருவர் சொல்ல எழுதுவது அவருக்குக் கைவந்த வேலை. முப்பத்தைந்து வருடம் செய்தது. சொல்வது ஆர், என்ன சொல்கிறார் என்று பார்ப்பது கிளாக்கரின் வேலை அல்ல. அக்கா வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கீரிமலையில் உள்ள எட்டுப் பரப்பும் என் மனைவி ஞானாம்பிகையின் சீதனக் காணி. அது ஒருநாளும் அரசாங்கத்தின் காணி அல்ல. அப்படி நான் எழுதிய அறுபத்தொரு கடிதமும் பிழை. முத்து முத்தான எழுத்தில், ஒரு வெட்டு இல்லாமல், அத்தான் எழுதிக்கொண்டு போனார். எழுதி முடித்ததும் அவருடைய கை நிற்காமல் கீழே இறங்கியது. 'தங்கள் கீழ்ப்' வரை போய்விட்டது. கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்பதுதான் வரவிருந்தது. அக்கா தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"பேரை மட்டும் போடுங்கோ."

அக்காவே அந்த இரண்டு சொல்லையும் வெட்டினாள். அத்தான் அதற்குக் கீழே க. செல்வரட்ணம் என்று போட்டார். பெயர் தனியே நின்றதைப் பார்த்து, சபையில் வேட்டி அவிழ்ந்தவர்போல் கூசினார். பிரியந்தினி தாளை வாங்கிச் சீல் குத்திய பிறகு, அவளிடம் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார். கடிதம் கொஞ்சம் காரமாகப் போய்விட்டது, மனுசிக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது என்றார். அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரவாயில்லை ஐயா என்றாள்.

ஆவணியில் காணியை விட்டார்கள். விடுவதற்கு ஒரு விழா வைத்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, தவில், நாதஸ்வரம், கொழும்பிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். எங்கள் காணியை எங்களுக்குத் தந்ததற்கு எங்களையே கை தட்டச் சொன்னார்கள். சனமும் தட்டியது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்குப் போய், குனிந்து, இரண்டு கையாலும் தாளை வாங்கினார்கள். அக்கா எழும்பவில்லை. கடைசியில் ஒரு கிளாக்கர் பந்தலின் பின்வரிசைக்கு வந்து தாளை நீட்டினார். அக்கா இலக்கங்களை உறுதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். எல்லோரும் கை தட்டி ஓய்ந்த பிறகும் அத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

பந்தலிலிருந்து வளவுக்கு நடந்து போனோம். வீடு இல்லை. ஓடு, நிலை, கதவு, யன்னல், கல் எல்லாம் போய், சிவப்புத் தரை மட்டும் வெடித்துக் கிடந்தது. கிணற்றுக்குள் தகரமும் முள்ளுக்கம்பிச் சுருளும் நிறைந்திருந்தன. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தரையில் ஏறி, இது விறாந்தை, இது அறை, இது குசினி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள். குசினி இருந்த இடத்தில் நின்று கடலைப் பார்த்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவளுடைய சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகுதான் அத்தானைத் தேடினோம். அவர் தெருவோரத்தில், ஒரு காலத்தில் வாசல் படலை இருந்த இடத்துக்கு வெளியே, வெள்ளைச் சட்டையோடு நின்றார். அங்கே படலையும் இல்லை, வேலியும் இல்லை, காவலும் இல்லை. காலை வைத்தால் வளவு.

"ஏன் அங்கை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ," என்று அக்கா கூப்பிட்டாள்.

அத்தான் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"ஆரிட்டை ஞானம் கேக்கிறது?"

"ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. இது என்ரை."

"ஓம்," என்று தலையாட்டினார். ஆனால் கால் வரவில்லை.

அக்கா மறுபடியும் கூப்பிடவில்லை. கிணற்றடிக்குப் போய், சேலையைச் சொருகிக்கொண்டு, மேலே கிடந்த தகரத்தை இழுக்கத் தொடங்கினாள். நானும் போய் மறுமுனையைப் பிடித்தேன். முள்ளுக்கம்பியைப் பிரித்தெடுக்கவே அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அத்தான் அதே இடத்தில், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, யாராவது வந்து உள்ளே போகச் சொல்லும்வரை காத்துக்கொண்டு நின்றார்.